ரெண்டு ஊசி போட்டவராம்!

மதுரைப் பக்கம் துட்டி கேட்கப் போய்வந்தவர்களுக்கு இது பழகிய காட்சி. பந்தலுக்குள் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஒருவர் விசாரிப்பார்.

"எத்தனை வயசு?"

"நாப்பத்திரண்டுண்ணே."

"ஊசி போட்டிருந்தாப்லயா?"

"ரெண்டும் போட்டாப்ல."

"அதான்!"

தீர்ப்பு வந்தாகிவிட்டது. ஈ.சி.ஜி. பார்த்தார்களா, சர்க்கரை இருந்ததா, ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்ற கேள்விகளெல்லாம் டீ வருவதற்கு முன்பே தள்ளுபடி. 'எல்லாம் அந்தக் கொரோனா ஊசியால வந்தது' என்ற இந்தப் பல்லவியைச் செல்லூரிலும் திருமங்கலத்திலும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

இவர்களுடைய முதல் சாட்சி நடிகர் விவேக். அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர் என்பதால் மதுரைக்காரர்களுக்கு அவர்மேல் கூடுதல் உரிமை. 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில், ஜனங்களுக்குப் பயம் தெளியட்டும் என்று கேமராக்களுக்கு முன்னால் ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17-ஆம் தேதி அதிகாலை மரணம். இதயத்துக்குப் போகும் முக்கிய ரத்தக்குழாயில் நூறு சதவீத அடைப்பு என்று மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள். குழாயில் கொழுப்பு படிவது வருஷக்கணக்கில் நடக்கிற வேலை. தடுப்பூசிப் பக்கவிளைவுகளை ஆராயும் தேசியக் குழுவும் அதே ஆண்டு அக்டோபரில், ஊசிக்கும் இந்தச் சாவுக்கும் தொடர்பில்லை என்றது. அந்தச் செய்தியை யாராவது ஃபார்வர்டு செய்து பார்த்திருக்கிறீர்களா? அந்த நேரத்தில் ஊசியைத் திட்டிப் பேசி வழக்கில் மாட்டிய நடிகர் மன்சூர் அலிகானுக்கு உயர் நீதிமன்றம் முன்ஜாமீன் கொடுத்தது. நிபந்தனை, தடுப்பூசி வாங்க 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். அவர் பேசியதிலேயே நாட்டுக்குப் பயன்பட்டது அந்தத் தொகைதான்.

அடுத்து, 'கம்பெனிக்காரனே ஒத்துக்கிட்டான்.' 2024-இல் ஆஸ்ட்ராஜெனிகா நிறுவனம் லண்டன் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது மிக மிக அரிதான ஒரு ரத்த உறைவுக் கோளாறை. அது வந்தால் ஊசி போட்ட சில வாரங்களில் வரும். மூன்று வருஷம் காத்திருந்து உசிலம்பட்டி பஸ்ஸில் ஏறும்போது வராது.

கொரோனா டெஸ்ட் கதையும் இப்படித்தான். 'எடுத்தாத்தானே பாசிட்டிவ் வருது' என்றார்கள். 2020 ஜூனில் நம் எம்.பி. சு.வெங்கடேசன் பரிசோதனையைக் கூட்டுங்கள் என்று கத்திக்கொண்டிருந்தார். ஊரோ வாசலில் தகரம் அடித்துவிடுவார்கள் என்று பயந்து, பாரசிட்டமாலை விழுங்கிவிட்டுக் காய்கறி மார்க்கெட்டுக்குப் போனது. ஜூன் 24-இலிருந்து மதுரைக்கும் பரவைக்கும் முழு ஊரடங்கு.

இனி என் கேள்விக்கு வருகிறேன். தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் எங்கே நடந்தது? நம் இராஜாஜி அரசு மருத்துவமனையில், 2020 மார்ச் 25 அன்று. தமிழ்நாட்டில் தடுப்பூசித் திட்டத்தை எங்கே தொடங்கிவைத்தார்கள்? அதே இராஜாஜி மருத்துவமனையில், 2021 ஜனவரி 16 அன்று, அப்போதைய முதல்வர் பழனிசாமி வந்து. இடையில் கிட்டத்தட்ட பத்து மாதம். அதற்குள் அரசுக் கணக்குப்படியே தமிழ்நாட்டில் 12 ஆயிரம் பேருக்கு மேல் இறந்துபோனார்கள். ஐயா, இவர்களுக்கு எந்த ஊசியைப் போட்டார்கள்?

கொரோனா அதோடு விடவில்லை. 2021 மே மாதம் மாநிலத்தில் ஒரு நாளைக்கு 36 ஆயிரம் தொற்று வரை போனது. மாதக் கடைசியில் ஒரு நாள் சாவு ஐந்நூறை நெருங்கியது. தத்தனேரி மயானத்தில் வரிசை. ஆக்சிஜன் படுக்கைக்காகத் தோப்பூர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கெஞ்சாத குடும்பம் உண்டா? அன்றைக்குப் பெரும்பாலானோர் ஒரு ஊசிகூடப் போடாதவர்கள். எட்டு மாதம் கழித்து, 2022 ஜனவரியில், ஒரு நாள் தொற்று மறுபடி 30 ஆயிரத்தைத் தாண்டியது. இந்தத் தடவை ஒரு நாள் சாவு ஐம்பதை ஒட்டித்தான் இருந்தது. தொற்று ஏறக்குறைய அதே அளவு, சாவோ பத்தில் ஒரு பங்கு. 'ஒமைக்ரான் வீரியம் கம்மி' என்பார்கள். சரி, வைரஸுக்கு மட்டும் நன்றி சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஊசிக்கு எதிரான ஞானம் எங்கிருந்து புறப்பட்டது என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. 2021 அக்டோபரில் மெகா தடுப்பூசி முகாமை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். ஊசி போட்டால் கறி சாப்பிடக் கூடாது, சரக்கு அடிக்கக் கூடாது என்று நம்பி ஜனங்கள் ஞாயிறன்று வரவில்லை என அப்போதைய சுகாதார அமைச்சர் மா.சுப்பிரமணியனே சொன்னார். ஆட்டுக்கறிக்கு அரசாங்கம் கொடுத்த மரியாதை! பிறகு 2022 ஜூலை 15 முதல் 75 நாட்களுக்கு பூஸ்டரை இலவசமாகவே கொடுத்தார்கள். அதற்குள் ஊருக்குப் பயம் போயிருந்தது. முகாமில் நர்ஸுகள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

செத்தவர் ரெண்டு ஊசி போட்டவர் என்பது உண்மைதான். பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் ரெண்டு ஊசி போட்டவர்கள். 'அதான்' சொன்னவரின் போனிலும் சான்றிதழ் இருக்கும். ஐ.சி.எம்.ஆர். 2023-இல் 18 முதல் 45 வயது வரையிலான திடீர் மரணங்களை ஆராய்ந்து வெளியிட்டது. ஊசியால் அபாயம் கூடவில்லை. இரண்டு டோஸ் போட்டவர்களுக்குக் குறைந்தே இருந்தது. கூட்டியவை வேறு: கொரோனாவுக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தது, குடும்பத்தில் திடீர் மரணம், சாவுக்கு முன் அளவுமீறிய குடி, கடும் உடல் உழைப்பு.

இந்தப் பட்டியலைத் துட்டி வீட்டில் படிக்க முடியாது, சண்டை வரும். ஊசியைத் திட்டினால் யாருக்கும் வருத்தமில்லை. செத்தவர் குடித்ததையும் சொல்ல வேண்டாம், பிரஷர் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியதையும் சொல்ல வேண்டாம். 2023-லிருந்து 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சு வலி என்று போனால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். நம் ஆள் ராத்திரி பதினொரு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "கேஸுதான், ஒரு சோடா வாங்கிட்டு வா" என்று பையனைப் பெட்டிக்கடைக்கு அனுப்புகிறார்.