வொர்ம்லி விடுதியில் விலைபோன வாக்கு

2020 அமெரிக்க அதிபர் தேர்தலில் தோற்றுவிட்டு, முடிவை ஏற்க மாட்டேன் என்று டிரம்ப் அடம்பிடித்துக்கொண்டிருந்த நேரம். 2021 ஜனவரி 2 அன்று டெட் க்ரூஸ் தலைமையில் ஓர் அறிக்கை வெளியானது. செனட்டர்களும் புதிதாகச் செனட்டுக்குத் தேர்வானவர்களுமாக 11 பேர். சர்ச்சைக்குள்ளான மாநிலங்களின் முடிவுகளை 10 நாளில் தணிக்கை செய்ய ஒரு தேர்தல் ஆணையம் வேண்டும் என்றார்கள். அதற்கு அவர்கள் காட்டிய முன்மாதிரி 1877. நான்கே நாளில் டிரம்ப் ஆதரவாளர்கள் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்துவிட்டதால் அந்த அறிக்கையைப் பலரும் மறந்துவிட்டார்கள். என்னால் முடியவில்லை. 1877இல் யாருக்கு என்ன நடந்தது என்று அந்த 11 பேருக்குத் தெரிந்திருக்கவில்லை. அல்லது நன்றாகவே தெரிந்திருந்தது. இரண்டில் எது மோசம் என்று இன்னமும் எனக்குப் பிடிபடவில்லை.

அவர்களை மட்டும் சொல்வானேன்? 1877 சமரசத்தால் உள்நாட்டுப் போரின் காயங்கள் ஆறின, நாடு மீண்டும் ஒன்றுபட்டது என்று முதுகலைத் தேர்வில் நானே எழுதியிருக்கிறேன். வகுப்பில் கொடுத்த குறிப்பை மனப்பாடம் செய்து எழுதினேன், நல்ல மதிப்பெண்ணும் வந்தது. சேரியிலிருந்து படிக்க வந்தவன் நான். அந்த வாக்கியத்தில் 'நாடு' என்பது யார் என்று கேட்க எனக்கே தோன்றவில்லை.

1876 தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் சாமுவேல் டில்டன், குடியரசுக் கட்சியின் ரூதர்ஃபோர்டு ஹேய்ஸைவிடச் சுமார் இரண்டரை லட்சம் வாக்குகள் அதிகம் பெற்றார். ஆனால் அங்கே அதிபரைத் தீர்மானிப்பது மாநிலவாரியான தேர்வாளர் வாக்குகள். வெற்றிக்கு 185 வேண்டும். டில்டனிடம் 184 இருந்தன, ஹேய்ஸிடம் 165. ஃபுளோரிடா, லூசியானா, தென் கரோலினா ஆகிய மூன்று மாநிலங்களின் 19, ஓரிகனின் 1 என மீதி 20 வாக்குகள் தகராறில் இருந்தன.

இரு தரப்பும் தில்லுமுல்லு செய்தன என்று சமமாகப் பிரித்து எழுதுவதுதான் வழக்கம். செய்தன, உண்மைதான். ஆனால் வாக்குச் சீட்டை எண்ணுவதில் நடந்த மோசடியும் வாக்காளரைச் சுட்டுக் கொல்வதும் ஒன்றல்ல. தென் கரோலினாவின் ஹாம்பர்க் ஊரில் 1876 ஜூலையில் கருப்பின மக்களின் காவற்படையை வெள்ளையர் கும்பல் தாக்கியது. பிடிபட்டவர்களையும் தனியே நிறுத்திச் சுட்டுக் கொன்றது. அந்தத் தேர்தல் காலம் முழுக்கச் சிவப்புச் சட்டை அணிந்த ஆயுதக் குழுக்கள் கூட்டங்களைக் கலைத்தன. பெட்டியில் விழுந்த சீட்டுகளை மட்டும் எண்ணினால் டில்டன் ஏமாற்றப்பட்டவர். பெட்டி வரைக்கும் வர முடியாதவர்களையும் சேர்த்து எண்ணினால் கணக்கு வேறு. இந்த இரண்டாவது கணக்கை அன்று எந்த ஆணையமும் போடவில்லை.

ஆணையத்தில் 15 பேர். செனட்டிலிருந்து 5, கீழவையிலிருந்து 5, உச்ச நீதிமன்றத்திலிருந்து 5. ஒவ்வொரு வாக்கெடுப்பும் கட்சி பிரிந்த மாதிரியே 8க்கு 7. இருபதும் ஹேய்ஸுக்குப் போயின. இறுதி எண்ணிக்கை 185க்கு 184. ஜனநாயகக் கட்சியினர் கீழவையில் அறிவிப்பைத் தாமதப்படுத்தினார்கள். அப்போதுதான் பேரம் தொடங்கியது. பிப்ரவரி 26 அன்று வாஷிங்டனில் வொர்ம்லி விடுதியில் இரு தரப்பாரும் கூடிப் பேசினார்கள். ஹேய்ஸ் அதிபராகட்டும், தெற்கின் விவகாரங்களை மத்திய அரசு தெற்கிடமே விட்டுவிடட்டும். எழுத்தில் ஒப்பந்தம் ஏதுமில்லை. அந்த ஒரு சந்திப்பு எவ்வளவு தீர்மானகரமானது என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். நடந்தது என்னவோ அதுதான். ஏப்ரலில் தென் கரோலினா, லூசியானா அரசு மாளிகைகளுக்குக் காவல் நின்ற படையை ஹேய்ஸ் முகாமுக்குத் திருப்பி அழைத்தார். அந்த விடுதியின் உரிமையாளர் ஜேம்ஸ் வொர்ம்லி ஒரு கருப்பினத்தவர். பேச்சுவார்த்தையில் அவருக்கோ அவர் மக்களுக்கோ இடமில்லை. கூடம் மட்டும் அவருடையது.

மத்திய அரசின் படையை மக்கள் மீது ஏவுவது முறையல்ல என்று அப்போது பேசியவர்கள் உண்டு. அதே 1877 ஜூலையில் ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ஹேய்ஸ் படையை அனுப்பினார். கருப்பினத்தவரின் வாக்கைக் காக்கத்தான் படைக்கு நேரமில்லை.

பிறகு நடந்தவற்றுக்கு ஒரே ஒரு மாநிலத்தின் கணக்கு போதும். லூசியானாவில் 1896இல் பதிவு பெற்ற கருப்பின வாக்காளர்கள் 1,30,334. 1904இல் 1,342. தெற்கிலிருந்து கீழவையில் இருந்த கடைசிக் கருப்பின உறுப்பினர் ஜார்ஜ் வைட் 1901இல் வெளியேறினார். அடுத்தவர்களைத் தெற்கு தேர்ந்தெடுத்தது 1972இல்.

ஹேய்ஸுக்கு முந்தைய அதிபர் கிராண்ட் விஷயத்தில் நம் தோழர்கள் சிலர் இப்போது எதிர்த்திசையில் போய்விடுகிறார்கள். 1871இல் கு க்ளக்ஸ் கிளானுக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தார். தென் கரோலினாவின் ஒன்பது மாவட்டங்களில் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைத்து, கிளான் ஆட்களைப் பிடித்து உள்ளே போட்டார். அவருக்கு முன்பு ஆண்ட அதிபர்களில் யாரும் செய்யாதது. ஆனால் 1875இல் மிசிசிப்பி ஆளுநர் படை கேட்டுக் கெஞ்சியபோது கிராண்ட் அனுப்பவில்லை. அனுப்பினால் ஒஹையோ தேர்தலில் கட்சி தோற்கும் என்று அம்மாநிலத்தார் சொன்னதுதான் காரணம் என்று கிராண்டே தன்னிடம் ஒப்புக்கொண்டதாக, மிசிசிப்பியின் கருப்பின உறுப்பினர் ஜான் லிஞ்ச் பின்னாளில் எழுதினார். அந்த ஆண்டு ஒஹையோவில் ஆளுநர் பதவிக்கு நின்றவர் யார் தெரியுமா? இதே ஹேய்ஸ்தான். வொர்ம்லியில் விற்கப்பட்டதற்கு ஈராண்டுக்கு முன்பே முன்பணம் கைமாறிவிட்டது.

இப்போது அதிபர்களுக்கு மதிப்பெண் போடும் பட்டியல்களுக்கு வருவோம். 1948இல் ஆர்தர் ஷ்லெசிஞ்சர் 55 அறிஞர்களைக் கேட்டு லைஃப் இதழில் வெளியிட்ட பட்டியலில், 29 பேரில் கிராண்டுக்கு 28ஆம் இடம். ஊழல் காரணம் என்பார்கள். அவர் ஆட்சியில் ஊழல் மலிந்திருந்தது மெய்தான். ஆனால் விடுதலை பெற்ற அடிமைகளுக்குக் கிடைத்த நிலத்தைப் பழைய பண்ணையார்களிடமே திருப்பிக் கொடுத்த, 1866 குடியுரிமைச் சட்டத்துக்கு ஒப்புதல் மறுத்த ஆண்ட்ரூ ஜான்சனுக்கு 19ஆம் இடம். மத்திய அரசு அலுவலகங்களில் நிறப் பிரிவினையைப் புகுத்த அனுமதித்த உட்ரோ வில்சனுக்கு 4ஆம் இடம்! 2021இல் சி-ஸ்பான் எடுத்த கணிப்பில் கிராண்ட் 20, வில்சன் 13, ஜான்சன் 44 பேரில் 43. செத்துப்போன மூவரும் இடையில் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. மதிப்பெண் போடுகிறவர்கள் படித்த புத்தகம் மாறியது.

பழைய புத்தகத்தை எழுதியவர்களில் முதன்மையானவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் டன்னிங். கருப்பினத்தவர் ஆளத் தகுதியற்றவர்கள், அவர்களுக்கு வாக்குரிமை தந்ததே பிழை, அதனால்தான் ஊழலும் குழப்பமும் வந்தன என்பது அவர் வழி வந்தவர்களின் வரலாறு. 'தகுதி' என்ற சொல் நமக்குப் புதிதா என்ன? 1935இல் டு பாய்ஸ் 'அமெரிக்காவில் கருப்பினப் புனரமைப்பு' நூலை எழுதி அந்தப் பொய்யை அடுக்கடுக்காகப் பிரித்துப் போட்டார். பொதுப் பள்ளிகள் தெற்கில் வேரூன்றியதில் கருப்பின மக்களின் பங்கை எடுத்து வைத்தார். பல்கலைக்கழகங்கள் அதைக் காதில் வாங்கவே இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

1913 முதல் 1916 வரை அதே கொலம்பியாவில் அம்பேத்கர் மாணவர். டன்னிங் அங்கே பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வெள்ளை மாளிகையில் வில்சன் இருந்தார். 1945இல் காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோருக்கு என்ன செய்தார்கள் என்று எழுதிய நூலில், உள்நாட்டுப் போரில் கருப்பின மக்கள் ரத்தம் சிந்தியதையும் பின்பு அவர்கள் கைவிடப்பட்டதையும் அம்பேத்கர் எடுத்துக்காட்டுகிறார். எங்களுக்கான காப்புறுதிகளை எழுதிக் கொடுத்துவிட்டு விடுதலையைப் பற்றிப் பேசுங்கள் என்று அவர் விடாப்பிடியாக நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். மறு ஆண்டே டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் சபைக்குக் கருப்பினத்தவர் அளித்த மனுவின் படியைக் கேட்டார். அவர் அமெரிக்காவிடம் தேடியது அதிபர்களின் புகழை அல்ல.

லிங்கன் கட்சியா, ஒபாமா கட்சியா, எது நம்முடையது என்று அமெரிக்கத் தேர்தல்தோறும் தோழர்கள் அடித்துக்கொள்ளும்போது எனக்கு ஜோதிராவ் புலே நினைவுக்கு வருகிறார். அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்காவின் நல்ல மக்களுக்கு 'குலாம்கிரி' நூலை அவர் காணிக்கையாக்கியது 1873இல். அதே ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று லூசியானாவின் கோல்ஃபாக்ஸில், நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கருப்பின மக்கள் கொன்று குவிக்கப்பட்டார்கள். பலர் சரணடைந்த பிறகு கொல்லப்பட்டவர்கள். தண்டிக்கப்பட்ட ஒருசிலரையும் 1876இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. புலேவின் காணிக்கை பிழை என்று நான் சொல்லவில்லை. அது உரியவர்களுக்குத்தான் செலுத்தப்பட்டது. அந்த உரியவர்களை அவர்களுடைய கட்சியே கைகழுவிக்கொண்டிருந்தது. புலே இறந்தது 1890 நவம்பர் 28. அந்த மாதம் முதல் தேதிதான் மிசிசிப்பி புதிய அரசமைப்பை ஏற்றது: வாக்களிக்க வரி கட்ட வேண்டும், அரசமைப்பின் ஒரு பிரிவை வாசிக்க வேண்டும் அல்லது வாசிக்கக் கேட்டுப் பொருள் சொல்ல வேண்டும். சொன்ன பொருள் சரியா என்று முடிவு செய்தவர் பதிவு அலுவலர், வெள்ளையர்.