தாய் மீது மட்டும் பழி எதற்கு?

குழந்தை எடை குறைந்து பிறந்தால், ‘ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டாள்’ என்று தாயைக் குறை கூறுவது நம் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. உணவு முக்கியமே, ஆயினும் எல்லாவற்றுக்கும் அதையே காரணமாக்குவது நியாயமன்று.

நஞ்சுக்கொடியின் பெரும்பகுதி கருவிலிருந்தே வளர்வது. ஆகவே அதன் மரபணுக்களில் பாதி தந்தை வழங்கியவை. அதிலும், வளர்ச்சியைத் தூண்டும் ‘ஐஜிஎஃப்-2’ என்னும் மரபணுவில் தாய்வழிப் பிரதி அடங்கியிருக்க, தந்தைவழிப் பிரதியே இயங்குகிறது. மாமியார்கள் இதைச் சற்றே கவனிக்க வேண்டும்!

கர்ப்பத்தின் முற்பாதியில், ஏறத்தாழ 20 வாரங்களுக்குள், நஞ்சுக்கொடியின் செல்கள் கருப்பைச் சுவருக்குள் ஊடுருவி, அங்குள்ள குறுகிய இரத்தக்குழாய்களை அகலமாக்குகின்றன. இப்பணி அரைகுறையாக நின்றுவிட்டால், தாய் நன்றாக உண்டாலும் குழந்தைக்குப் போதிய ஊட்டம் சேராமல் போகலாம். பிற்பாடு தாய்க்கு இரத்த அழுத்தமும் உயரக்கூடும்.

எனவே ஏழாம் மாதத்தில் பதறுவதைவிட, முதல் மூன்று மாதங்களுக்குள் பரிசோதனைக்கு வருவதே மேல். முந்தைய கர்ப்பத்தில் இரத்த அழுத்த நோய் கண்டவர்களுக்கு, மருத்துவர் பரிந்துரைத்தால், குறைந்த அளவு ஆஸ்பிரினை 16 வாரங்களுக்கு முன்பே தொடங்குவது நல்லது. முதல் வருகையில் கணவரும் உடன் வரட்டும். அவருடைய குடும்ப வரலாற்றையும் நாங்கள் கேட்போம்.