தாருக்குப் பெரிய டயர்: லோன் போடுறதுக்கு முன்னாடி

தார் வாங்கின சூட்டோட பெரிய அலாய், பெரிய டயர்னு பர்சனல் லோன் தேடுறீங்களா? கொஞ்சம் நில்லுங்க.

மூணு கதவு தார்ல 245/75 ஆர்16, 255/65 ஆர்18னு ரெண்டு அளவு வந்திருக்கு. 245ங்கிறது மில்லிமீட்டர்ல அகலம். பக்கச்சுவரோட உயரம் அதுல 75 சதவீதம், சுமார் 184 மி.மீ. 18 இன்ச்ல அது 166தான். கல்லு, மணல்ல காத்தைக் குறைச்சு ஓட்டுறப்போ காப்பாத்துறது இந்தச் சுவர்தான். ரிம் பெருசானா போட்டோ நல்லா வரும், அவ்வளவுதான்!

18 இன்ச்சைக் கழட்டிட்டு 285/70 ஆர்17 போட்டா விட்டம் 5 சதவீதம் கூடும். மீட்டர் வேகத்தைக் குறைச்சுக் காட்டும். மாத்தினதை இன்சூரன்ஸ்ல சொல்லலைன்னா க்ளெய்ம் அப்போ தகராறு வரலாம்.

இன்னொண்ணு, பலர் பாலிசியில படிக்காதது: தனி ஆட்-ஆன் இல்லைன்னா, டயர் மட்டும் கிழிஞ்சா ஒரு பைசா வராது. வண்டியும் சேர்ந்து அடிபட்டாதான், அதுவும் டயர் விலையில பாதி. டயர் கிழிஞ்சாலும் லோன் இஎம்ஐ ஓடிக்கிட்டேதான் இருக்கும்.

என்னைக் கேட்டா, இருக்கிற டயர் தேயட்டும். அப்புறம் கம்பெனி சொன்ன அளவுலயே நல்ல ஆல்-டெரெய்ன் போடுங்க. இப்போதைக்கு ஒரு பிரஷர் கேஜும், 12 வோல்ட் கம்ப்ரஸரும் வாங்குங்க. அதுக்கு லோன் தேவையில்லை.