மறுபடி ஓட்டினால் சரியாகிவிடுமா?

ஒரு கணினி நிரலைச் சோதிக்கிறார்கள். காலையில் தேறுகிறது. மதியம் அதே நிரல் அதே சோதனையில் தோற்கிறது. ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் மறுபடி ஓட்டினால் தேறிவிடுகிறது. இப்படி மனம்போன போக்கில் நடக்கும் சோதனைகளை நிரலாளர்கள் 'ஃபிளேக்கி' என்று அழைக்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் செய்வது, மறுபடி ஓட்டும் பொத்தானை அழுத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போவதுதான். இந்தப் பழக்கம் ஆபத்தானது என்பது என் கருத்து. உலகமே எடுத்துப் பயன்படுத்தும் திறந்த மூல வலையமைப்பு மென்பொருள்களில் அது மேலும் ஆபத்தானது.

'கர்ல்' என்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். சுவீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பர்க் 1998ல் வெளியிட்ட இந்த நிரல், இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவுகிறது. இன்று கைப்பேசி, தொலைக்காட்சி, கார் எனப் பல கருவிகளுக்குள் அது இருக்கிறது. அதன் நிரலில் யாராவது ஒரு வரியை மாற்றினாலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகள் தானாக ஓடும். இத்தகைய திட்டங்களில் சோதனைதான் காவலர். காவலர் அவ்வப்போது காரணமின்றிக் கூச்சலிட்டால், உண்மையான திருடன் வரும்போதும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

இது சிறிய பிரச்சினை அன்று. தன்னிடமுள்ள சோதனைகளில் சுமார் 16 விழுக்காட்டில் இந்தக் குணம் ஓரளவு இருப்பதாகக் கூகல் 2016ல் தெரிவித்தது. அதுவரை தேறிவந்த சோதனை திடீரென்று தோற்ற சம்பவங்களில் 84 விழுக்காட்டில் ஃபிளேக்கி சோதனை ஒன்று சம்பந்தப்பட்டிருந்ததாம்.

வலையமைப்பு நிரல்கள் ஏன் இதில் அதிகம் சிக்குகின்றன? மூன்று காரணங்களைப் பார்ப்போம்.

முதலாவது, நேரம். சோதனை ஒரு சர்வரைத் தொடங்கி, 100 மில்லிவினாடி காத்திருந்து, அதனுடன் இணைய முயல்கிறது. கணினிக்கு வேலை குறைவாக இருந்தால் அந்த நேரம் போதும். வேலை அதிகமாக இருக்கும்போது சர்வர் தயாராக 300 மில்லிவினாடி ஆகலாம். உடனே சிலர் காத்திருக்கும் நேரத்தை 2 வினாடியாக்குவார்கள். சோதனை மெதுவாகும், ஆனாலும் என்றாவது ஒருநாள் தோற்கும். "நான் தயார்" என்று சர்வரே சொல்லும்வரை காத்திருப்பதுதான் சரியான திருத்தம்.

இரண்டாவது, இடம். ஒரு கணினியில் 0 முதல் 65535 வரை போர்ட் எண்கள் உண்டு. ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு சோதனைகள் 8080 என்ற ஒரே எண்ணைக் கேட்டால், பிந்தி வந்தது தோற்கும். 0 என்ற எண்ணைக் கேட்டால், காலியாக உள்ள ஒரு போர்ட்டை இயங்குதளமே தேர்ந்தெடுத்துக் கொடுக்கும். ஒரு வரியை மாற்றினால் சிக்கல் தீர்ந்தது.

மூன்றாவதுதான் என் கவலைக்கு முக்கியக் காரணம். இணையத்தின் டிசிபி விதிமுறை, அனுப்பிய தரவு வரிசை மாறாமல் வந்துசேரும் என்று உறுதி கூறுகிறது. ஒரே துண்டாக வரும் என்று அது சொல்வதில்லை. 1,000 பைட்டுகளை அனுப்பினால் முதலில் 600, பிறகு 400 என்று வரலாம். ஒருமுறை படித்தாலே முழுச் செய்தியும் கிடைத்துவிடும் என நம்பி எழுதிய நிரல், ஒரே கணினிக்குள் சோதிக்கும்போது பெரும்பாலும் தேறிவிடும். எப்போதாவது ஒருமுறைதான் தோற்கும். இங்கே சோதனையில் தவறில்லை, நிரலில்தான் தவறு. தொலைதூர இணைப்பில் இருக்கும் பயனீட்டாளரிடம் அது அடிக்கடி தலைகாட்டும்.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 51 திறந்த மூலத் திட்டங்களில் நடந்த இத்தகைய திருத்தங்களை ஆராய்ந்து 2014ல் கட்டுரை வெளியிட்டார்கள். ஏறக்குறைய பாதித் திருத்தங்கள், சரியாகக் காத்திருக்கத் தவறிய சோதனைகளைப் பற்றியவை. ஏறக்குறைய கால்வாசித் திருத்தங்களில் சோதிக்கப்பட்ட நிரலையே மாற்ற வேண்டியிருந்தது. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் உண்மையான பிழை ஒன்று ஒளிந்திருந்தது.

"மூன்று முறை ஓட்டுவோம், ஒருமுறை தேறினால் போதும்" என்று சில திட்டங்கள் விதி வைத்திருக்கின்றன. பள்ளியில் படிக்கும் நிகழ்தகவைக் கொண்டு இதைக் கணக்கிட்டுப் பாருங்கள். 100 முறைக்கு ஒருமுறை தோற்கும் பிழை, மூன்று முறையும் தொடர்ந்து தோற்பதற்கான வாய்ப்பு மில்லியனில் ஒன்று. ஆகவே, சோதனை அறிக்கையிலிருந்து அந்தப் பிழை மறைந்துவிடும். ஆனால் பயனீட்டாளருக்கு அது 100ல் ஒன்றாகவே இருக்கும். நாளொன்றுக்கு ஒரு மில்லியன் இணைப்புகள் நடந்தால் 10,000 இணைப்புகள் தோற்கும். பிழை கொஞ்சமும் குறையவில்லை, நம் பார்வையிலிருந்து மட்டும் விலகியிருக்கிறது.

திறந்த மூலத் திட்டங்களில் பலர் ஓய்வு நேரத்தில் ஊதியமின்றி உழைக்கிறார்கள் என்பது உண்மைதான். தலா 100ல் ஒருமுறை தோற்கும் 100 சோதனைகள் ஒரு திட்டத்தில் இருந்தால், அத்தனையும் ஒரேயடியாகத் தேற 37 விழுக்காட்டு வாய்ப்பே உண்டு. ஒவ்வொரு தோல்விக்கும் வேலையை நிறுத்தினால் திட்டம் நகராது. எனவே மறுபடி ஓட்டுவதை நான் முற்றாக எதிர்க்கவில்லை. அது காய்ச்சலுக்குப் பனடால் போட்டுக்கொள்வது போன்றது. காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரிடம் போகத்தானே வேண்டும்? ஓட்டுங்கள், ஆனால் முதல் தோல்வியைப் பதிவுசெய்யாமல் ஓட்டாதீர்கள்.

பதிவு எவ்வளவு உதவும் என்பதற்குச் சிங்கப்பூரிலேயே சான்று இருக்கிறது. 2016ல் வட்ட ரயில் பாதையில் ரயில்கள் திடீர் திடீரெனச் சமிக்ஞையை இழந்து அவசரமாக நின்றன. பார்த்தால் எந்த ஒழுங்கும் தெரியவில்லை. கவ்டெக் அமைப்பின் தரவு அறிவியலாளர்கள் ஒவ்வொரு சம்பவத்தின் நேரம், இடம், ரயில் சென்ற திசை ஆகியவற்றை வரைபடத்தில் குறித்தார்கள். நின்றுபோன ரயில்களில் கோளாறு இல்லை. எதிர்த்திசையில் கடந்துசென்ற 'பிவி46' என்ற ஒரே ரயில்தான் இடையூறு செய்தது என்பது அப்போது புலப்பட்டது.

பதிவையும் தேடலையும் கைவிட்டால் என்ன ஆகும்? 1997 ஜூலை 4ஆம் தேதி செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி, சில நாள்களில் தானாகவே மறுபடி மறுபடி தொடங்கியது. பூமியில் சோதித்தபோதே அது ஓரிரு முறை நிகழ்ந்திருந்தது. மீண்டும் வரவழைக்க முடியாததால், வன்பொருள் கோளாறாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். பிறகு பூமியிலிருந்த மாதிரிக் கருவியில் பல மணி நேரம் முயன்று பிழையைக் கண்டுபிடித்து, திருத்தத்தைச் செவ்வாய்க்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

இன்று அந்தத் தேடல் எளிதாகி வருகிறது. சந்தேகத்துக்குரிய சோதனையை ஆயிரம் முறை ஓட்டலாம். கணினியை வேண்டுமென்றே மெதுவாக்கிப் பார்க்கலாம். உண்மைக் கடிகாரத்துக்குப் பதில் நாமே நகர்த்தும் போலிக் கடிகாரத்தைப் பயன்படுத்தலாம். 'கோ' நிரல்மொழியின் 2025ஆம் ஆண்டுப் பதிப்பில் அதற்கான வசதி நிலையான அம்சமாகச் சேர்க்கப்பட்டுள்ளது.

திறந்த மூலத் திட்டத்தில் பங்கேற்க ஆசைப்படும் மாணவர்கள் புதிய அம்சம் ஒன்றைக் கண்டுபிடித்தால்தான் உள்ளே நுழைய முடியும் என்று நினைக்க வேண்டாம். ஒரு ஃபிளேக்கி சோதனையைத் தேர்ந்தெடுத்து, அது எப்போது, எந்தக் கணினியில், எத்தனை முறை தோற்கிறது என்று எழுதிக் கொடுங்கள். திருத்தும் வழி தெரியாவிட்டாலும் அந்தப் பதிவே பெரிய உதவி. உங்கள் பள்ளி ரோபோ ஒருமுறை மட்டும் தவறான பக்கம் திரும்பினால், மறுபடி ஓட்டுவதற்கு முன் நேரத்தையும் மின்கலத்தின் அளவையும் குறித்துவையுங்கள்.