தெரிந்த ஓட்டை

"வீடியோ கேம்னா பக் இருக்கத்தான் செய்யும். தேதிக்கு விட்டுட்டு அப்புறம் பேட்ச் போட்டுக்கலாம்" என்பவர்களோடு எனக்கு ஒரே சண்டைதான். தெரியாத பிழை வேறு, தெரிந்த பிழை வேறு. முதலாவது தொழிலின் இயல்பு. இரண்டாவதை மறைத்து விற்றால் அது ஏமாற்று.

'சைபர்பங்க் 2077' 2020 ஏப்ரலில் வரவேண்டியது. செப்டம்பர், நவம்பர் என்று தள்ளிப்போய், கிறிஸ்துமஸ் விற்பனைக்கு முன்னால் டிசம்பர் 10-இல் வந்தது. பிளேஸ்டேஷன் 4-இல் தடுமாறியது, பாதியில் நின்றுபோனது. முன்கூட்டி விமர்சகர்களுக்குக் கொடுத்ததோ கணினிப் பதிப்பு மட்டும். ஒரே வாரத்தில் சோனி தன் கடையிலிருந்து அதைத் தூக்கியது. திரும்பி வர 2021 ஜூன் ஆயிற்று. இந்தக் குறைகளில் பலவும் எங்கள் சோதனையில் தெரியவில்லை என்றார் நிறுவனர்களில் ஒருவரான மார்சின் இவின்ஸ்கி. உள்ளே வேலை பார்த்தவர்கள் ப்ளூம்பெர்க்கிடம் சொன்னது வேறு: தெரிந்துதான் இருந்தது, சரிசெய்ய நேரம் இல்லை.

இங்கே பரங்கிப்பேட்டைக் கரையிலும் தேதி உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகளைக் கரையேற்றிப் பலகை மாற்றுவதும் எஞ்சினைப் பிரிப்பதும் அப்போதுதான். கடன் நெருக்கும், வீட்டில் வருமானம் இருக்காது. அதற்காக ஓட்டை தெரிந்த படகை "போற வழியில அடைச்சுக்கலாம்"னு யாரும் தள்ளுவார்களா? மூழ்கினால் அவர்களும்தானே மூழ்க வேண்டும்!

கேம் கம்பெனி முதலாளி அந்தப் படகில் ஏறுவதே இல்லை. ஏறுவது நாம். தினம் ஒன்றரை ஜிபி பேக் போட்டிருப்பவனுக்கு 40 ஜிபி பேட்ச் என்றால் கிட்டத்தட்ட 27 நாள் டேட்டா. அவர்களுடைய ரிப்பேர் செலவை நாம் கட்டுகிறோம்.

சின்ன ஸ்டுடியோ, சம்பளம் போடணும், தள்ள முடியாது என்கிறீர்களா? நியாயம்தான், விடுங்கள். 'ஏர்லி ஆக்சஸ்' என்று சொல்லி, தெரிந்த பிழைகளைப் பட்டியல் போட்டு, விலையைக் குறைத்து விடுங்கள். தெரிந்து வாங்குகிறவன் ஏமாறுவதில்லை.

நம் பங்கும் இதில் இருக்கிறது. சைபர்பங்குக்கு வெளிவரும் முன்பே 80 லட்சம் முன்பதிவுகள். காசு கைக்கு வந்தபின் எவன் பொறுமையாக ஓட்டை அடைப்பான்? அடுத்த டிரெய்லர் எவ்வளவு பளபளப்பாக வந்தாலும் முன்பதிவு பொத்தானை அமுக்காதீர்கள். நீங்கள் வைத்திருக்கும் அதே மெஷினில் அது எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டுக் காசை எடுங்கள்.