'நின்னுட்டேன்' என்றால் ரிசைனா, டெர்மினேட்டா?

கேகாலையோ இரத்தினபுரியோ பலாங்கொடையோ, பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் சுவர் முழுக்க இங்கிலிஷ் கிளாஸ் போஸ்டர்கள். மூன்று மாதத்தில் ஸ்போக்கன், ஆறு மாதத்தில் பிஸ்னஸ் இங்கிலிஷ். ஓ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் தோட்டத்துப் பிள்ளைகளில், கொஞ்சம் காசு புரட்ட முடிந்தவர்கள் ஏதாவது ஒன்றில் சேர்ந்துவிடுவார்கள். நாங்களும் சேர்ந்தவர்கள்தான். அங்கே தரும் டியூட்டில் 'டெட்லைன்', 'ஃபீட்பேக்', 'டீம் பிளேயர்', 'நெட்வொர்க்கிங்' என்று ஐம்பது சொல் இருக்கும். எல்லாவற்றையும் பாடமாக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், அம்மாவின் சம்பளத் துண்டு ஆணியில் குத்தித் தொங்கும். அதில் இருக்கிற ஒரு சொல்கூட அந்த ஐம்பதில் இருக்காது.

அந்தச் சொற்கள் கெட்ட சொற்கள் என்று சொல்ல வரவில்லை. அவை மீட்டிங் ரூமுக்குள் போனவனுக்குத் தேவைப்படும் சொற்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் முதலில் போவது துணிக்கடைக்கு, பார்மசிக்கு, சீதாவக்கை பக்கத்து கார்மெண்ட்ஸுக்கு, கொழும்பில் ஏதாவது ஒரு சூப்பர் மார்க்கெட்டின் கவுண்டருக்கு. அங்கே மீட்டிங் கிடையாது. ஒரு பேப்பர் நீட்டுவார்கள், "சைன் பண்ணுங்க" என்பார்கள். வேலைக்கான இங்கிலிஷ் அந்தப் பேப்பரில் இருந்துதான் தொடங்க வேண்டும் என்பது எங்கள் கட்சி.

யோசித்துப் பார்த்தால் வேலைத்தல இங்கிலிஷ் எங்கள் ஆட்களுக்குப் புதுசே இல்லை. எங்கள் பாட்டிமார் எந்த கிளாஸுக்கும் போகாமல் அதைப் பேசினார்கள். லைன் லயனாச்சு, கிளார்க் கிளாக்கரையா ஆனார், செக்ரோல் செக்ரோலாகவே இருந்தது, கொழுந்து அரைக்கிற ஃபேக்டரி ஸ்டோர் ஆச்சு. காலையில் போய் நிற்கும் பிரட்டு, பரேட் என்பதில் இருந்து வந்தது என்பார்கள். ஒரு நாள் வேலை ஒரு 'பேர்', பாதி நாள் 'அரைப்பேர்'. இது ஒரு முழு அகராதி. ஆனால் அந்த அகராதியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வரிசையில் நிற்க, எண்ணப்பட, நிறுக்கப்பட, பதியப்படத் தேவையான சொல் எல்லாம் இருக்கிறது. 'இதை ஏன் வெட்டினீங்க?' என்று கேட்கத் தேவையான சொல் ஒன்றும் மலைக்கு வரவில்லை.

அந்தக் காலத்தில் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக 'துண்டு' வேண்டும். தொழிலாளி கங்காணிக்கு எவ்வளவு கடன் என்று அதில் இருக்கும். அந்தக் கடனைப் பொறுப்பேற்கிற தோட்டம்தான் ஆளை எடுக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அதில் என்ன எழுதியிருக்கு என்று வாசிக்கத் தெரியாது. 1921இல்தான் அந்த முறை ஒழிந்தது. பிறகு தோட்டத்துக்குள் தொழிற்சங்கத்தைக் கொண்டுவந்த கோ. நடேசய்யர் யார் என்று பார்த்தால், தஞ்சாவூரில் 'வர்த்தக மித்திரன்' என்று வியாபாரப் பத்திரிகை நடத்திய மனுஷன். துணி வியாபாரி மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குள் போனவர். 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். வியாபாரக் கணக்கு தெரிந்த ஒருவர் தொழிலாளி பக்கம் வந்து நின்றது சும்மா தற்செயல் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

சரி, பழைய கதையை விடுவோம். எங்கள் காலத்திலேயே நடந்த ஒன்றைப் பார்ப்போம்.

2016 கூட்டு ஒப்பந்தம் ஞாபகம் இருக்கா? ஒரு நாள் சம்பளம் எவ்வளவு என்று அப்போது கேட்டால் மூன்று பதில் வரும். 500 என்பார் ஒருவர். 730 என்பார் இன்னொருவர். கம்பனிக்காரர்கள் 805 என்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. பேசிக் 500. அதுக்கு மேல் அட்டெண்டன்ஸுக்கு 60, புரொடக்டிவிட்டி இன்சென்டிவ் 140, பிரைஸ் ஷேர் சப்ளிமெண்ட் 30. கூட்டினால் 730. அதோடு கம்பனி ஈ.பி.எப்.புக்குக் கட்டும் 12 வீதம், ஈ.டி.எப்.புக்குக் கட்டும் 3 வீதம், ஆக 500இன் 15 வீதமான 75 ரூபாயையும் சேர்த்தால் 805.

2019 ஜனவரியில் அடுத்த ஒப்பந்தம். பேசிக் 700 ஆனது. அட்டெண்டன்ஸும் புரொடக்டிவிட்டியும் போய்விட்டன. பிரைஸ் ஷேர் 50. மொத்தம் 750. கம்பனி கணக்கில் 855. இப்போது சொல்லுங்கள், சம்பளம் எவ்வளவு கூடியது? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் 200 ரூபாய் என்றார்கள். ரோட்டில் இறங்கிப் போராடியவர்கள் வெறும் 20 ரூபாய் என்றார்கள். கம்பனிக்குக் கூடிய செலவு 50 ரூபாய். மூன்றும் சரி! ஆயிரம் ரூபாய் கேட்டுப் போராடினபோது அது பேசிக்கா மொத்தமா என்பதிலேயே எத்தனை சண்டை. 2021இல் சம்பள நிர்ணய சபை ஆயிரத்தைத் தந்தபோதும் அது 900 சம்பளமும் 100 ரூபாய் அலவன்ஸும் சேர்ந்த ஆயிரம்தான்.

லயத்தில் இதைப் பற்றிப் பேசினால் எல்லாத்துக்கும் ஒரே வார்த்தைதான்: "கூட்டிக் குடுத்தாங்க." இன்க்ரிமெண்ட், இன்சென்டிவ், அலவன்ஸ், போனஸ் நாலும் எங்கள் வாயில் 'கூட்டிக் குடுத்தது' ஆகிவிடும். அங்கேதான் இடிக்கிறது. இன்க்ரிமெண்ட் பேசிக்கோடு ஒட்டிக்கொள்ளும், அடுத்த வருஷமும் இருக்கும். இன்சென்டிவ் கிலோ குறைந்தால் போய்விடும். மழை பெய்து கொழுந்து வராத மாதத்தில் போகும், காய்ச்சலில் படுத்தால் போகும். பணிக்கொடை என்று தமிழிலும் கிராஜுவிட்டி என்று இங்கிலிஷிலும் சொல்வது இருக்கிறதே, அதற்கு 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இருக்கு. நாட்சம்பளக்காரருக்கு வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 14 நாள் சம்பளம். முப்பது வருஷம் மலை ஏறின ஒரு அம்மாவுக்கு 420 நாள் சம்பளம். பேசிக் 500 என்றால் 210,000 ரூபாய். 700 என்றால் 294,000. இடையில் 84,000. இன்சென்டிவில் எவ்வளவு கூட்டினாலும் இந்தக் கணக்கில் ஒரு சதம் ஏறாது. அதனால் 'பேசிக்' என்ற சொல்லுக்கு என்ன விலை என்று யாராவது கேட்டால், ஒரு குடும்பத்துக்கு 84,000 ரூபாய் என்று நாங்கள் சொல்வோம்.

தோட்டத்தை விட்டு வெளியே போகிற எங்கள் வயசுக்காரர்களுக்கும் இதே பிரச்சினைதான், சொற்கள்தான் வேறு. எங்களோடு படித்த ஒரு பெண் ஏ.எல். முடித்துவிட்டுக் கொழும்பில் ஒரு கடைக்குப் போனாள். ஆறு மாதம் ப்ரொபேஷன், அதுவரை ஈ.பி.எப். இல்லை என்றார்கள். அவளும் சரி என்றாள். ப்ரொபேஷன் என்றால் ஏதோ சட்டமே இல்லாத காலம் என்று நினைத்துவிட்டாள். உண்மையில் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி முதல் நாளில் இருந்தே கட்ட வேண்டும். நிரந்தரம், தற்காலிகம், கெஷுவல், ப்ரொபேஷன் எதுவாக இருந்தாலும் சரி. ஊழியரிடம் 8 வீதம் வெட்டலாம், முதலாளி தன் கையில் இருந்து 12 வீதம் போட வேண்டும். அந்த 12ஐயும் உங்கள் சம்பளத்தில் வெட்டுகிற கெட்டிக்காரர்கள் உண்டு, அது சட்டப்படி பிழை.

இன்னொரு இடம் இதைவிட மோசம். வேலையில் இருந்து அனுப்பிவிட்டால் ஊருக்கு வந்து நாம் என்ன சொல்வோம்? "நின்னுட்டேன்." நாமாக விட்டாலும் அதே "நின்னுட்டேன்". நிப்பாட்டினாங்க என்று சொல்ல ஒரு வெட்கம். வீட்டில் இப்படிச் சொல்வதில் ஒன்றும் இல்லை. ஆனால் கடைசி நாளில் ஒரு இங்கிலிஷ் கடிதத்தை நீட்டி "இதில் சைன் பண்ணினாத்தான் சம்பளம்" என்று சொன்னால், அந்தக் கடிதத்தில் 'ரிசைன்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலை முடிவுறுத்தல் சட்டப்படி 15 பேருக்குக் குறையாத இடத்தில், 180 நாள் வேலை செய்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதென்றால் ஒன்று அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லையென்றால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். நீங்களாக ரிசைன் பண்ணிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். டெர்மினேட் பண்ணினால் திறந்திருக்கும். ஒரே நாள், ஒரே ஆள், ஒரே பஸ்ஸில் ஊருக்குத் திரும்புவது. கடிதத்தில் இருக்கும் ஒரு வினைச்சொல்தான் வித்தியாசம். (பத்துப் பேர் வேலை செய்யும் சின்னக் கடைக்கு இந்தச் சட்டம் செல்லாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகள் அதிகம் போவது அந்தச் சின்னக் கடைகளுக்குத்தான் என்பது வேறு வயிற்றெரிச்சல்.)

இதையெல்லாம் தமிழிலேயே படித்தால் என்ன, ஏன் இங்கிலிஷ் என்று எங்கள் கூட்டத்திலேயே சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி, இங்கிலிஷ் வெறும் இணைப்பு மொழி. தொழில் திணைக்களத்துக்கு நாட்டின் எந்த மூலையில் இருந்தும் தமிழில் எழுதலாம், அது உரிமை. ஆனால் கம்பனி தரும் நியமனக் கடிதம் பெரும்பாலும் இங்கிலிஷில்தான் வருகிறது. அதோடு 'தகுதிகாண் காலம்' என்பதும் 'சேமலாப நிதி' என்பதும் எங்களுக்கு மட்டும் தாய்ப்பாலோடு வந்த சொற்களா? 'ஈ.பி.எப்.' என்றால் எங்கள் பாட்டிக்குப் புரியும், 'ஊழியர் சேமலாப நிதி' என்றால் வேறு ஏதோ சீட்டு என்று நினைப்பார்.

சப்ரகமுவையில் இன்னொரு சிக்கல். நுவரெலியா மாதிரி அடுத்தடுத்துத் தோட்டங்கள் இல்லை எங்களுக்கு. தெரணியகலை, யட்டியாந்தோட்டை, இறக்குவானை என்று எங்கே பார்த்தாலும் சிங்களக் கிராமங்களுக்கு நடுவில் ரப்பரும் தேயிலையுமாகச் சிதறிக்கிடக்கிறோம். அதனால் எங்கள் பிள்ளைகளுக்குச் சிங்களம் பேச்சில் நல்லா ஓடும். வேலைக்குப் போனால் பேச்சு சிங்களத்தில், பேப்பர் இங்கிலிஷில், தமிழ் ராத்திரியில் அம்மாவோடு போனில். சிங்களத்தில் சரளமாகப் பேசுவதால் எல்லாம் புரிகிறது என்ற தைரியம் வந்துவிடுகிறது, பேப்பரை வாசிக்காமலே சைன் வைத்துவிடுகிறார்கள். எங்களைக் கேட்டால் ஒரு கொப்பியில் மூன்று வரிசை போட்டு, சொல்லை மூன்று மொழியிலும் எழுதி, நாலாவதாக 'இதனால் கைக்கு வருவது கூடுமா குறையுமா' என்று எழுத வேண்டும். நாலாவது வரிசை இல்லாத எந்த டியூட்டும் எங்களுக்கு உதவாது.

கம்பஸில் சிங்களப் பிள்ளைகள் இங்கிலிஷை 'கடுவ' என்பார்கள், வாள் என்று அர்த்தம். பேசினால் ஷோ காட்டுகிறான் என்று வெட்டும், பேசாவிட்டால் தோட்டத்தான் என்று வெட்டும். கலைப்பீடத்தில் படிக்கும் எங்களில் பாதிப் பேர் இந்தப் பயத்திலேயே மூன்று வருஷத்தை ஓட்டுகிறோம். ஏ.எல். ஜெனரல் இங்கிலிஷ் இசட் ஸ்கோருக்குச் சேராது என்பதால் பள்ளிக்கூடத்திலும் யாரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. ஆனால் ஒரு பே ஸ்லிப்பை வாசிக்க உச்சரிப்பு தேவையில்லை. கிராமரும் அவ்வளவாகத் தேவையில்லை. முப்பது, நாற்பது சொல்லும் ஒரு கல்குலேட்டரும் போதும். கோயில் மண்டபத்திலோ வாசிகசாலையிலோ ரெண்டு பின்னேரம் உட்கார்ந்தால் முடிகிற வேலை.

எங்களில் யாராவது லீவுக்கு ஊருக்குப் போய் இதைத் தொடங்குவதென்றால் முதல் சொல்லாக அவரவர் பேரையே எடுக்கலாம். தோட்டத்து ஆபீஸில் ஒரு காலத்தில் கேட்டபடி இங்கிலிஷில் எழுதிவைத்த பேர் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் இன்னொன்று. 55 வயசில் ஒரு அக்கா ஈ.பி.எப். எடுக்கப் போகும்போது, மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க சத்தியக் கடதாசியோடு அலைகிறார். ஒரு எழுத்து கூடக் குறைய இருந்தாலும் காசு நிற்கும். சித்திரைக்கு வீட்டுக்குப் போகிறவர்கள் அம்மா, அப்பாவின் அடையாள அட்டையையும் ஈ.பி.எப். பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அவர்கள் வேலையில் இருக்கும்போதே தோட்டத்து ஆபீஸுக்குப் போய்த் திருத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள், ஒரு கொப்பியில் சீல் அடித்து வாங்கி வையுங்கள்.