எல்லாரும் 'ஆமென்' சொல்ல முடிகிறதா?



பங்குப் பேரவைக் கூட்டங்களில் வரவு செலவுக் கணக்குக்கு அடுத்தபடியாக வாக்குவாதம் எழுவது பெரும்பாலும் பாடல்களைப் பற்றித்தான். இளையோருக்குக் கீபோர்டும் ரிதம் பேடும் வேண்டும். பெரியவர்களுக்குத் தாங்கள் மனப்பாடமாக அறிந்த பழைய பாடல்கள் வேண்டும். சிலருக்கு இலத்தீன் பாடல்கள் மேல் இன்றும் ஏக்கம். கர்நாடக இசையே நம் மரபு என்பார் ஒருவர். நாட்டுப்புற இசையே மக்கள் இசை என்பார் மற்றொருவர். இந்த மனத்தாங்கலில் பாடற்குழுக்கள் பிரிந்துபோவதும் உண்டு. இதைப் பற்றி இறைவார்த்தை நமக்கு என்ன கற்பிக்கிறது?

விவிலியம் ஒரே இசைவகையைக் கட்டளையாகத் தரவில்லை. திருப்பாடல் 150 எக்காளம், யாழ், மத்தளம், குழல், கைத்தாளம் என அனைத்தையும் இறைபுகழ்ச்சிக்கு அழைக்கிறது. பயிற்சி பெற்ற ஆலயப் பாடகர் 288 பேர் என்கிறது 1 குறிப்பேடு 25:7. ஆக, தேர்ந்த கலையும் ஒழுங்கான பயிற்சியும் இறைவனுக்கு உகந்தவையே. இறுதி இராவுணவுக்குப் பின் இயேசுவும் சீடர்களும் புகழ்ப்பா பாடிவிட்டே ஒலிவ மலைக்குச் சென்றார்கள் (மத் 26:30). அவர்கள் எந்த மெட்டில் பாடினார்கள் என்பதை நற்செய்தியாளர் குறிப்பிடவில்லை.

கொரிந்துத் திருச்சபையின் நிலை நம் நிலையைப் போன்றதே. ஆளுக்கொரு பாடலோடும் ஆளுக்கொரு கொடையோடும் வந்தார்கள். வழிபாட்டில் குழப்பம் மிகுந்தது. தூய பவுல் யாரையும் பாட வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு கேள்விகளையே முன்வைத்தார்: அங்கே அமர்ந்திருக்கும் எளியவர் புரிந்துகொண்டு 'ஆமென்' சொல்ல முடிகிறதா? இது சபையைக் கட்டியெழுப்புகிறதா? (1 கொரி 14:16, 26).

திருச்சபையின் வரலாறும் இதையே காட்டுகிறது. 1903ஆம் ஆண்டு திருத்தந்தை புனித பத்தாம் பயஸ் வெளியிட்ட திருஇசை பற்றிய ஆணையில் பியானோவுக்கும் முரசுக்கும் ஆலயத்தில் இடமில்லை. பெண்களுக்குப் பாடற்குழுவிலும் இடமில்லை. இன்று எத்தனையோ பங்குகளில் பாடற்குழுவைத் தாங்கி நிற்பவர்கள் பெண்களும் அருள்சகோதரிகளுமே! அந்த விதிகள் மாறின. ஆனால் திருவழிபாட்டில் இறைமக்கள் முனைப்புடன் பங்கேற்க வேண்டும் என்று அதே ஆணை கூறிய கொள்கை மாறவில்லை. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அதையே அடித்தளமாக்கியது. அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்புத் தரவும் கேட்டுக்கொண்டது. மக்களை முற்றிலும் ஒதுக்கிவிட்டுப் பாடற்குழு மட்டுமே அனைத்தையும் பாடுவது ஏற்புடையதல்ல என்று 1967ஆம் ஆண்டின் திருஇசை அறிவுரை தெளிவுபடுத்தியது.

இந்த அளவுகோலை நம் பங்குகளில் வைத்துப் பார்ப்போம். 'தூயவர்' பாடலுக்கு வாரந்தோறும் புது மெட்டுப் போட்டால் மக்கள் வாய்மூடி நிற்பார்கள். ஒலிபெருக்கியின் சத்தம் காதை அடைத்தால், பக்கத்தில் இருப்பவரின் குரல் நமக்குக் கேட்காது. அதேவேளையில் பழைய பாடல்கள் மட்டுமே என்று பிடிவாதம் பிடித்தால், நம் பிள்ளைகள் ஆலயத்தில் விருந்தாளிகளாகவே இருப்பார்கள். 2020இல் பொது முடக்கத்தின்போது கைபேசித் திரையில் திருப்பலியைப் பார்த்தோம். ஆலயக் கதவுகள் திறந்த பிறகும் பார்வையாளராகவே இருந்துவிடும் ஆபத்து நம்மை விட்டு நீங்கவில்லை.

இன்னொரு உண்மையையும் மனம் திறந்து பேச வேண்டும். பறை ஆலயத்திற்குள் ஒலிக்கலாமா என்று கேட்கும்போது அது இசை பற்றிய கேள்விபோலத் தோன்றலாம். 'சாவு மேளம்' என்று முகம் சுளிப்பவருக்கு உறுத்துவது அதன் தாளமா, அதை அடிப்பவரின் சாதியா? வசதியுள்ளவர்கள் முந்தி உண்ண, இல்லாதவர்கள் பசியோடு இருந்த கூட்டத்தை ஆண்டவரின் திருவிருந்து என்று அழைக்கப் பவுல் மறுத்தார் (1 கொரி 11:20-22). நீதி இல்லாத இடத்தில் பாடல் வெறும் இரைச்சல் என்றார் இறைவாக்கினர் ஆமோஸ் (5:23-24). உடன் சகோதரரை ஒதுக்கிவிட்டுப் பாடும் பாடல் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் இறைவனின் செவிக்கு அது இரைச்சலே.

எல்லா இசையும் எல்லா நேரத்திற்கும் பொருந்தும் என்பதல்ல இதன் பொருள். திரைப்பட மெட்டைக் கேட்டவுடன் திரைக் காட்சி நினைவுக்கு வந்தால், அது செபத்திற்கு உதவாது. கிறிஸ்துவின் வார்த்தை நம்மில் நிறைவாகக் குடிகொள்ளவே பாடுகிறோம் (கொலோ 3:16). எனவே பாடல் வரிகள் விவிலியத்தில் வேரூன்றியிருக்க வேண்டும். அமைதிக்கும் இடம் வேண்டும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2022ஆம் ஆண்டு திருவழிபாடு பற்றி எழுதிய திருத்தூது மடலில் மௌனத்தின் சிறப்பை வலியுறுத்தினார். நற்கருணை உட்கொண்டபின் சிறிது நேரமாவது கருவிகள் ஓயட்டும்.

நடைமுறையில் என்ன செய்யலாம்? 'தூயவர்', 'ஆமென்' போன்றவற்றிற்கு எல்லாருக்கும் தெரிந்த மெட்டையே பல மாதங்கள் பயன்படுத்தலாம். புதிய பாடலைத் திருப்பலிக்கு முன் ஐந்து நிமிடம் மக்களுக்குக் கற்றுத்தரலாம். இளையோர் பழைய பாடல் ஒன்றையும், பெரியவர்கள் புதிய பாடல் ஒன்றையும் கற்றுக்கொள்ளலாம். அன்பியங்கள் ஒவ்வொன்றும் முறை வைத்துப் பாடற்குழுவோடு இணையலாம்.

ஒருவர் விருப்பத்தை ஒருவர் விட்டுக்கொடுப்பதும் நாம் இறைவனுக்குச் செலுத்தும் காணிக்கையே. ஒருமனப்பட்டு ஒரே குரலாய்த் தந்தையாம் கடவுளைப் புகழ (உரோ 15:6) தூய ஆவியார் நமக்குத் துணைபுரிவாராக!